ஊர் கேட்ட கதவு

ஓடுகிறேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுவிட்டது. முன்னால் ஓடும் கணேசன் திரும்பிப் பார்க்காமல் கத்துகிறான். “ஏலே, நிக்காத! சந்துல திரும்பு!” பின்னால் கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. சோடா பாட்டில் உடைகிறது. பிறகு தகரக் கூரைமேல் ஒரு கல். பிறகு நிறையக் கற்கள்.

அறுபதுகளின் கடைசி. பிப்ரவரி. பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்ப். தெற்கத்திக்காரன் என்றால் அடி என்று ஆகியிருந்த நாட்கள். கலவரம் என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே இருந்த எங்களுக்கு அது போர். பட்டாளம் மட்டும்தான் இல்லை.

எங்கள் ஊர் ரூம் சந்தின் கடைசியில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கும் பம்பாயில் இப்படி ஒரு ரூம் உண்டு. கல்யாணமாகாதவர்களும் பெண்டாட்டியை ஊரில் விட்டு வந்தவர்களும் சேர்ந்து வாடகை கட்டுவோம். ஷிப்டு மாற்றித் தூங்குவோம். வேற்றூர்க்காரனுக்கு இடமில்லை. கடைசியாக உள்ளே வருகிறவன்தான் தாழ்ப்பாள் போட வேண்டும். கதவு அவன் பொறுப்பு. அன்று கடைசியாக வந்தவன் நான்.

என்னையும் கணேசனையும் சேர்த்து ஏழு பேர். பேச்சிமுத்து அண்ணாச்சி ஸ்டவ்வில் சோறு வடிக்கப் போகிறார். ரூமில் மூத்தவர். தாராவியில் தோல் பட்டறையில் வேலை. வெளியே என்ன நடந்தாலும் அவருக்கு உலை கொதித்தாக வேண்டும். எங்களைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவை ஒட்டி உட்கார்ந்தேன்.

கதவு தட்டப்படுகிறது. உள்ளங்கையால். படபடவென்று.

“தொறங்க! நான் தமிழ்தான்! பின்னாடியே வராங்க!”

முந்தின நாள் பக்கத்துச் சந்தில் இப்படித்தான் யாரோ ஒருவன் தமிழில் கூப்பிட்டிருக்கிறான். நம்பித் திறந்தார்கள். கும்பல் நுழைந்துவிட்டது. அதனால் ஊர் கேட்காமல் திறப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். ஏமாற்ற வருகிறவன் தமிழ் பேசிவிடலாம், ஊர்ப்பெயர் சொல்ல வராது என்பது எங்கள் கணக்கு.

“எந்த ஊரு?” அண்ணாச்சி கேட்டார்.

“மாட்டுங்கா!”

“அது இல்ல. சொந்த ஊரு?”

“இங்கதான் பொறந்தேன்! அப்பா ஊரு மாலூம் இல்ல, தெரியாது! ஜல்தி தொறங்க!”

“தொறக்காதலே!” என்றான் கணேசன். அண்ணாச்சியும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மற்ற ஆறு பேரும் ஒரே முடிவு. சொல்ல ஒரு ஊர் இல்லாத தமிழன் இருப்பான் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. எனக்கும் அந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

வழக்கம் இருக்கிறது. மூத்தவர் சொல்லியாயிற்று. திறக்காவிட்டால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திறந்தாலும் என் கை. திறக்காவிட்டாலும் என் கைதான். அண்ணாச்சி தலையாட்டினார் என்று பிறகு சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது அவர் இல்லையே.

திறந்தேன்.

என் வயசுக்காரன். தலையில் ரத்தம். உள்ளே விழுந்தான். கதவைச் சாத்துவதற்குள் இடுக்கில் ஓர் இரும்புக் கம்பி. நாலைந்து பேர் தள்ளுகிறார்கள். என்னால் முடியவில்லை. முதல் அடி கணேசன் முகத்தில். ஸ்டவ் சரிந்தது. மண்ணெண்ணெய் அண்ணாச்சி வேட்டியில். தீ.

“பின்னாடி போங்கலே! தகரத்த ஒதைங்க!” அது அண்ணாச்சியின் குரல். எரிந்துகொண்டே கத்தினார். உதைத்தோம். அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். ரூம் எரிந்தது, தீயைத் தாண்டிக் கும்பல் வரவில்லை. அவரைச் சாக்கில் சுற்றி உருட்டினோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

ஊர்ச் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று ஊருக்குச் சொல்லிவிடுவோம் என்றார்கள். எப்படியும் உடைத்திருப்பார்கள். எல்லாம் நேரம். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உடைத்திருப்பார்கள், ஒருவேளை. உடைக்கவில்லை. நான் திறந்தேன். அன்றிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

ரயில் ஏறி ஊருக்குப் போனேன். அண்ணாச்சியின் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மதினி அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“நாளைக்கி இன்னொருத்தன் வந்து தட்டுனா தொறப்பியா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

“தொறப்பேன், மதினி.”

எழுந்து உள்ளே போனார். சாயங்காலம்வரை இருந்தேன். அவர் வெளியே வரவில்லை.

இழந்தவை இவை. பேச்சிமுத்து அண்ணாச்சி, ஓர் உயிர். கணேசனின் இடது கண். ஒரு ரூம். ஏழு பேரின் தகரப் பெட்டிகள், அவற்றில் இருந்த துணிமணிகள். அடுப்பில் இருந்த சோறு. உள்ளே வந்தவன் பிழைத்துக்கொண்டான். அவன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. பிறகு நான் ஊருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அண்ணாச்சி வீட்டுக்குள் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.