பரீட்சைக்குப் போன கன்னம்

“என் மூஞ்சியப் பாத்து இன்னைக்கு மூணு பேரு முழிச்சிட்டு நின்னானுவ அண்ணாச்சி.”

ஏரல் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து இது வந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டேன். சொன்னவரின் கன்னத்தில் நாவல்பழ நிறத்தில் ஒரு தடிப்பு. பக்கத்தில் வாழைத்தார் வியாபாரி ஒருவர்.

“யாருவே முழிச்சது?”

“டாக்டருக்குப் படிக்குத பிள்ளைய. வருசாவருசம் பரீட்சைக்கு என்னியக் கூப்பிடுதாவ. மூஞ்சியப் பாத்து நோய்க்குப் பேரு சொல்லணும். லேசுல யாருக்கும் வராத நோயாம்லா.”

“தொத்துமா?”

“தொத்தாது. உயிருக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா போவவும் மாட்டங்கு. பதினோரு வருசமா இங்கனயே கெடக்கு.”

“அந்தப் பேர பைய காதுல சொல்லிவிட்டா என்னவே?”

“நானா சொல்லக்கூடாது, கேட்டதுக்குத்தான் பதிலு. மூணு பேரும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத் தோத்தானுவ. நாலாவதா ஒரு பொம்பளப்பிள்ள. போன தடவையே ஃபெயிலாம். ஆனாலும், ‘சாப்பிட்டீங்களா அண்ணாச்சி’ன்னு கேட்டுட்டு, கேட்டா பாருங்க ஒரு கேள்வி!”

“என்ன கேட்டா?”

“‘இதுக்கு டாக்டரு உங்ககிட்ட என்ன பேரு சொன்னாவ?’”

வியாபாரி தொடையில் தட்டிச் சிரித்தார். “சொல்லிட்டீரா?”

“கேட்டுட்டாளே! கிரானுலோமா ஃபேசியேல்னு திக்காமச் சொன்னேன். பரீட்சை வச்ச பெரிய டாக்டரு மொறைச்சாரு, பொறவு அவரே சிரிச்சுட்டாரு. பாஸு!”

“கெட்டிக்காரிதாம்வே.”

“இனி எனக்கு என்ன வந்தாலும் அவகிட்டதான் போவேன் அண்ணாச்சி.”

“அவ பேரு என்னவே?”

இந்த முறை முழித்தது அவர்.