மாப்பிள்ளைக்கு ஏற்ற ஹார்னஸ்

காபி ஆறிவிடும், மாமா. குடித்துக்கொண்டே கேளுங்கள். காலை மட்டும் முக்காலியிலிருந்து இறக்கிவிடாதீர்கள், கணுக்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். அதனால் ஹார்னஸிலிருந்து தொடங்குகிறேன்.

பை தைக்கும் தொழிற்சாலையில் நான் தரம் பார்ப்பவன். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, எதுவானாலும் அதன் வாரும் கொக்கியும் தையலும் என் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இது தெரிந்துதான் ஹார்னஸ் வாங்கும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். "தம்பி, ஆளும் நாயும் கயிறு மாட்டிக்கிட்டுச் சேந்து ஓடுற பந்தயம் ஒண்ணு வருது. கயிறு எனக்கு இடுப்புல, நம்ம பயலுக்கு ஹார்னஸ்ல. நல்லதா பாத்து வாங்குங்க" என்றீர்கள். ஹார்னஸ் என்றது நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டையை. நம்ம பயல் என்றது உங்கள் நாயை. அதன் பெயர் மாப்பிள்ளை.

அந்தப் பெயர் வந்த கதையை உங்கள் மகள் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். வந்த வரனையெல்லாம் அவள் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இனிமே இவன்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை, போ" என்று கூடத்தில் இறக்கி விட்டீர்களாம். விளையாட்டாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது. நான் வந்து சேர்ந்தபோது பதவி காலியில்லை. அதனால் எனக்குத் 'தம்பி' கிடைத்தது. "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தபால்காரரையும் நீங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

புதிதில் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். "மாப்பிள்ளே, சாப்பிட வாடா" என்ற சத்தம் கேட்டு மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, தரையில் வைத்த கிண்ணத்தின் முன்னால் அசடு வழிய நின்றிருக்கிறேன். ஒருநாள் உங்களோடு ரயில் ஓட்டிய பழைய சிநேகிதரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "நம்ம மாப்பிள்ளை மாதிரி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்பா. தங்கம். எதுத்து ஒரு சத்தம் கெடையாது." படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பதான் காதுல உண்ணி எடுத்துவிட்டேன்" என்று முடித்தீர்கள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நாய்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது.

ஹார்னஸுக்கு வருகிறேன். முதலில் வாங்கியது தொளதொளவென்று இருந்தது. மாப்பிள்ளை பின்னால் நகர்ந்து, சட்டையைக் கழற்றுவது போல அதைத் தலைவழியாகக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அடுத்தது இறுக்கம், முன்னங்கால் இடுக்கில் தோல் சிவந்துவிட்டது. பிறகு நானே டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுத்தின் அடி, விலா எலும்பின் அகலமான இடம், முதுகின் நீளம். அளவெடுக்கும்போது அது கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுப்பவரைப் போல மார்பை நிமிர்த்திக் காட்டியது. அதுவும் எனக்குச் சற்று உறுத்தியது.

இழுத்து ஓடுகிற நாய்க்குத் தொண்டையில் வார் படக்கூடாது. தோள் மூட்டு தாராளமாக அசைய வேண்டும். இழுக்கிற பாரம் மார்பிலும் விலாவிலும் பரவ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கயிறு மாட்டும் வளையம் முதுகின் பின்பக்கம், வாலுக்குக் கிட்டே இருக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு நேராகப் போகும். இவ்வளவையும் பார்த்துத்தான் அந்த நீல நிற ஹார்னஸை வாங்கினேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "தச்சு வச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றீர்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "மாமனார் மாப்பிள்ளை அணின்னு போட்டுட்டேன். எப்படி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். என்னைப் பார்த்து, மாமா. நாய் அப்போது தோட்டத்தில் இருந்தது. பாதி தூரம் நீங்கள், பாதி தூரம் நான் என்று எனக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்துகொண்டது தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஷூ வாங்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலையைச் சுற்றி ஓடினேன். காவலாளி, "என்ன சார், யாராவது தொரத்துறாங்களா?" என்று கேட்டார். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஓடினேன். பந்தயத்துக்கு முதல் நாள் ஷூவை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றேன். நீங்கள் மேலும் கீழும் பார்த்தீர்கள். "ஷூ எதுக்கு தம்பி? நாளைக்கு நீங்க தண்ணி பாட்டிலும் பையும் பாத்துக்கிட்டா போதுமே. ஓடப்போறது நானும் மாப்பிள்ளையும்." உங்கள் மகள் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கதவுக்குப் பின்னால் கொக்கியில் இரண்டு ஹார்னஸ் தொங்கும். ஒன்று நான் வாங்கியது. இன்னொன்று, தெருவில் நடக்கும்போது நாய் இழுக்கிறது என்று உங்கள் மகள் எப்போதோ வாங்கியது. அதுவும் நீலம். அதில் வளையம் முன்னால், மார்பின் நடுவில் இருக்கும். நாய் முன்னால் இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பி நம் முகத்துக்கு நேரே வந்து நின்றுவிடும். எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவு வேகமாகத் திரும்பும். தெருவுக்கு அருமையான பொருள். ஓட்டப் பந்தயத்துக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மைதானத்தில் அதைத்தான் மாட்டினேன். வாருக்கும் தோலுக்கும் நடுவே விரல் போகிறதா என்று பார்த்தேன். கொக்கி உரசாதபடி ரோமத்தை ஒதுக்கிவிட்டேன். "நீங்க குனியாதீங்க மாமா, கயிறை நானே மாட்டுறேன்" என்றேன். நாய்க்கு எந்த இடத்திலும் வலிக்கக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன். உங்களுக்கு வலிக்குமா என்று யோசிக்கத்தான் நேரம் இருக்கவில்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். விசில் ஊதியதும் மாப்பிள்ளை அம்பாகப் பாய்ந்தது, திரும்பியது, உங்களைப் பார்த்தது. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முகத்தை ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்துத் தாவி நக்கியது. "முன்னாடி போடா, முன்னாடி" என்று கத்தினீர்கள். பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற பிராணி. மறுபடி பாய்ந்தது, மறுபடி திரும்பியது, உங்களைச் சுற்றி வந்தது. கயிறு உங்கள் முழங்காலைச் சுற்றியது, கணுக்கால் பிசகியது. நாய்கள் தண்ணீர் குடிக்க வைத்திருந்த தொட்டிக்குள் நீங்கள் மெதுவாக, மிகவும் கௌரவமாக உட்கார்ந்தீர்கள். மைக்கில் அறிவித்தார்கள்: "மாப்பிள்ளை மாமனாரைத் தொட்டியில தள்ளிட்டாரு. கொஞ்சம் வழி விடுங்க."

பார்க்க வந்திருந்த நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உங்கள் தங்கை வாயில் கை வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றைக்குத்தான் ஒரு கூட்டமே என்னை மாப்பிள்ளையாகப் பார்த்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஹார்னஸைக் கழற்றிப் பழையபடி கொக்கியில் மாட்டிவிட்டேன். பழி நாய்மேல் விழுந்தது. "மானத்த வாங்கிட்டான் தம்பி. இவன எங்க அண்ணன் பண்ணைக்கே அனுப்பிடலாமா?" என்று கேட்டீர்கள். பண்ணை நல்ல காற்றோட்டமான இடம் என்றேன். நானே வண்டிக்கும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அது கிண்ணத்தைத் தொடவில்லை, உங்கள் அறை வாசலிலேயே படுத்துக் கிடந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் மாடிக்கும் கீழுக்குமாகப் போய்வந்தேன். அது இல்லாவிட்டால் பெயர் சும்மா கிடக்குமே என்றுகூட ஒருமுறை தோன்றியது. ஒருமுறைதான்.

இன்று காலை வண்டி வருவதற்குள் உங்களுக்குக் காபி கொடுத்துவிடலாம் என்று தட்டோடு கூடத்துக்குள் வந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தழுதழுத்த குரலில் கேட்டீர்கள். "மாப்பிள்ளே, உண்மையச் சொல்லுடா. என்மேல உனக்கு என்ன கோவம்? ஏன் அப்படிப் பண்ணே?"

மாப்பிள்ளே என்றீர்கள். 'சொல்லுங்க' இல்லை, 'சொல்லுடா'. பெற்ற பிள்ளையைக் கேட்பது போல. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மாமா இவ்வளவும். அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆமாம், நான்தான் மாற்றி மாட்டினேன். தெரிந்தேதான் மாட்டினேன்.

ஏன் இன்னும் காபியைத் தொடாமல் இருக்கிறீர்கள்? உங்கள் மகள் வேறு சமையலறை வாசலில் கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். உங்கள் இடது கை நாற்காலிக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது. அங்கே, காதை உங்கள் கைக்குக் கொடுத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"தம்பி," என்கிறீர்கள், "நான் இவன்கிட்டதானே கேட்டேன்."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். "சார், பண்ணைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னீங்களே. மாப்பிள்ளை ரெடியா?"

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். உங்கள் மகளும் என்னைப் பார்க்கிறாள். நாயும் தலையைத் திருப்பி என்னைத்தான் பார்க்கிறது. யாருக்கும் இப்போது ஒரு குழப்பமும் இல்லை, மாமா. எனக்கு அது போதும்.