பிழையில்லாத செய்தி

நாகூரிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"செல்வி இப்பல்லாம் தப்பில்லாம எழுதுறாடி, முனீரா. அதான் பயமா இருக்கு."

பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப் என்று பேச்சில் புரிந்தது. செல்வி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

"தினம் என்ன சமைச்சேன், அந்த வீட்டுக் குழந்தை என்ன சேட்டை பண்ணுச்சுன்னு போடுவா. ல, ள எதுவும் சரியா வராது. பத்து நாளா 'நலமாக இருக்கிறேன்'னு மட்டும்தான் வருது."

"வாய்ஸ் அனுப்பச் சொல்லு."

"சொன்னேன். தொண்டை சரியில்லையாம்."

முனீரா கொஞ்சம் யோசித்தாள். "'ஸ்கூல்ல முனீராவை நீ எப்படிக் கூப்பிடுவே?'ன்னு கேளு."

ஜன்னலோரம் இருந்தவள் தட்டி அனுப்பினாள். பஸ் சிக்கல் ஊரைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"'முனீரா என்றுதான்'னு வந்திருக்குடி."

முனீரா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா! குண்டுனுதான்டி கூப்பிடுவா. ஒருநாள்கூட பேரைச் சொன்னதில்ல."

திருவாரூருக்கு டிக்கெட் எடுத்திருந்த இருவரும் கீழ்வேளூரிலேயே எழுந்தார்கள். செல்வியின் அம்மா வீடு அங்கேதானாம்.

"அம்மாகிட்ட என்னடி சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. மக குரலைக் கடைசியா எப்ப கேட்டாங்கன்னு மட்டும் கேளு."