கூப்பிட்டால் திரும்ப வேண்டும்

காய்கறிக் கடைக்காரர் என்னை மகாராணி என்றுதான் கூப்பிடுவார். "என்ன மகாராணி, இன்னைக்கு வெறும் தக்காளியோட கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார். நான் எந்த நாட்டையும் ஆளவில்லை என்பது என் செருப்பைப் பார்த்தாலே தெரியும். பஸ் கண்டக்டர் "சித்தி, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்கிறார். அவர் அப்பா யாரென்றே எனக்குத் தெரியாது. இதற்கெல்லாம் ஒரு நாளும் நான் சண்டைக்குப் போனதில்லை. வாய்க்கு இனிப்பாக நாலு வார்த்தை பேசினால் யாருக்கு என்ன குறைந்துபோகிறது?

விசாரணைக்கென்று உள்ளே வந்ததும் உங்களையும் நான் கண்ணு என்று கூப்பிட்டுவிட்டேன். "அப்படிக் கூப்பிடாதீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றீர்கள். எனக்கு வருத்தமில்லை. உங்கள் நாற்காலி அப்படி. இனி மேடம் என்றே சொல்கிறேன். எனக்குப் பிடிவாதம் என்பதே கிடையாது, மேடம். வேண்டுமானால் நான் வேலை பார்த்த வீடுகளில் விசாரித்துப் பாருங்கள்.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. குளிப்பாட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன், ஊட்டுவேன், துடைப்பேன். முகம் சுளித்ததில்லை. எல்லோரும் எனக்குக் கண்ணுதான், தங்கம்தான், செல்லக்குட்டிதான். ஒரு வீட்டில் ரிட்டயர்டு நீதிபதி ஒருவர் இருந்தார். ராஜாக்குட்டி என்று சொல்லித்தான் அவருக்கு மாத்திரை கொடுப்பேன். முதலில் முறைத்தார். போகப் போக வாயைத் திறந்தார். "அக்கா, நீங்க மட்டும் எப்படித்தான் மாமாவ வழிக்குக் கொண்டு வர்றீங்க?" என்று அவர் மருமகள் ஆச்சரியப்பட்டாள். பொறுமைதான், வேறென்ன.

ஸ்டேஷன் அம்மாவிடமும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அந்தத் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவராக இருந்தார். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம் என்று மைக்கில் சொல்லும் அந்தக் குரலை நானே எத்தனையோ தடவை மூட்டை முடிச்சோடு நின்று கேட்டிருக்கிறேன். வண்டி தாமதம் என்று அவர் சொன்னால் கோபமே வராது. அத்தனை மரியாதையாக இருக்கும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டில் அவரும் மகளும்தான். மகளுக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இடது கையால் என் விரலைப் பிடித்தவர் விடவே இல்லை. பயம். எனக்கு மனசு இளகிவிட்டது. "கண்ணு, அதான் நான் இருக்கேன்ல?" என்றேன். அன்றைக்கு அவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பீர்கள். இருக்கலாம்.

வாரம் ஒரு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். விழுங்கப் பழக்குவதும் அவள்தான். தண்ணீரை அப்படியே கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, அதில் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கி ஸ்பூனால் கொடுக்கச் சொன்னாள். அவள் சொன்ன இன்னொன்றை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். "குடுக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. திரும்பிப் பாத்து ஒரு 'ம்'மாவது சொல்லணும். அப்பதான் நல்லா முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். திரும்பலன்னா ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க." இது நானாகப் போட்ட விதி இல்லை, மேடம். படித்த பெண் சொன்னது.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நாள் பார்க்க வந்தார். "உடம்பு தேறி வாங்கம்மா. ஒரு வண்டிக்காவது நீங்கதான் சொல்லணும், மைக்க யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று தமாஷாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டேஷன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். 'பயணிகளின் கவனத்திற்கு' என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அவருக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க 'ப... ப...' என்று முயன்றுகொண்டிருப்பார். கோணிய வாயும் ஒழுகுகிற எச்சிலுமாகப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். "எதுக்குடா செல்லம் இந்தக் கஷ்டம்? உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்று துடைத்துவிடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனாலும் வார்த்தைகள் வர ஆரம்பித்தன. மகளுக்கு 'வா' என்று ஒன்று. குப்பை எடுக்க வருகிறவருக்குக்கூட 'நன்றி' என்று ஒன்று. எனக்கு என்ன வரப்போகிறது என்று ஆசையாகக் காத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. வியர்த்து வழிய, என் முகத்தைப் பார்த்து, இழுத்து இழுத்துச் சொன்னார்.

"அப்படி... கூப்பிடாதீங்க. எனக்கு... பேர் இருக்கு."

கூப்பிடாதீங்க என்றார், கவனியுங்கள். கூப்பிடாதே என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டு மனுஷியைத் திட்டுகிற மாதிரி இருந்திருக்கும். அவர் எனக்கு மரியாதை கொடுத்தார். நடைமேடையில் பெட்டியோடு நிற்கிற யாரோ ஒருத்திக்குக் கொடுக்கிற மரியாதை. அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளுகிறேன். அவர் கண்ணு என்றால் நான் அவருக்குத் தாய் மாதிரி. அவர் மேடம் என்றால் நான் யார்? சம்பளத்துக்குக் கழுவிவிடுகிறவள். என்னிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் பிடுங்கப் பார்த்தார்.

நான் சண்டை போடவில்லை. வழக்கம்போலவே மத்தியானம் டம்ளரும் ஸ்பூனுமாகப் போய், "கண்ணு" என்று கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவில்லை. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பார்வை அந்த டம்ளர் மேலேயே இருந்தது. மறுபடியும் கண்ணு என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "பேர்... சொல்லுங்க" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் ஸிங்க்கில் கொட்டினேன். திரும்பாதவருக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

வெயில் காலம் என்பது எனக்கும் தெரியும். அந்த அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. மத்தியானத்தில் சுவரைத் தொட்டால் சுடும். அதற்காக ஒரேயடியாக நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாத்திரை விழுங்க வேண்டியதைக் கொடுத்தேன். கஞ்சியிலும் தண்ணீர் இருக்கிறதே.

சிக்கல் என்னவென்றால், மகள் வேலையிலிருந்து வந்ததும் உட்கார வைத்து வேண்டியமட்டும் கொடுத்துவிடுவாள். என் பகல் பாடு முழுக்க வீணாகிவிடும். ஒரு தடவை அவள் கொடுக்கும்போது அம்மா லேசாக இருமினார். சாதாரண இருமல்தான். நான் ஓடிப்போய் முதுகைத் தட்டி, "தங்கம், நான் மட்டும் பக்கத்துல இல்லன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றேன். அவள் வெலவெலத்துப் போனாள். அப்புறம் ஸ்பூனைத் தொடவே பயந்தாள். "இனிமே நீங்களே குடுத்துடுங்கக்கா" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, 'த... த...' என்றார். "உன்னப் போய்த் தூங்கச் சொல்றாங்க" என்று நான் எடுத்துச் சொன்னேன். அவள் அம்மாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு மத்தியானம் திரும்பினார். உதடு வெடித்திருந்தது. நாக்கில் வெள்ளை படிந்திருந்தது. கண்ணு என்று நான் வாயெடுத்ததுமே தலை திரும்பியது. 'ம்' என்றார். மேடம், அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? "அப்படி வா என் தங்கம்" என்று ஊட்டினேன். ஸ்பூனையே விழுங்கிவிடுகிற மாதிரிக் குடித்தார். பிறகு எனக்கு 'ம்' போதவில்லை. "நீ யாரு, சொல்லு பாக்கலாம்?" என்பேன். கண்ணு என்று சொன்னால் ஒரு ஸ்பூன். இதுவும் பேச்சுப் பயிற்சிதானே? 'ப...' என்று ஆரம்பித்தால் டம்ளரை மூடிவிடுவேன். கொஞ்ச நாளில் அந்த 'ப' நின்றுபோனது. வீடே அமைதியாகிவிட்டது.

பயிற்சிப் பெண் வருகிற நாளன்று காலையிலிருந்தே நிறையக் கொடுத்துவிடுவேன். மறைப்பதற்காக இல்லை. விருந்தாளி வந்தால் எல்லோரும் வீட்டைப் பெருக்கத்தான் செய்கிறோம். "என்னங்க, பேச்சு பின்னால போகுதே?" என்று அவள் கேட்டாள். "சில பேருக்கு அப்படித்தான் குட்டி" என்றேன்.

அடுத்த வாரம் அவள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "வணக்கம் மேடம்" என்றாள். ஸ்டேஷன் அம்மா அசையவில்லை. அம்மா என்றாள், பெயரைச் சொன்னாள், தோளைத் தொட்டாள். ஒன்றுக்கும் அசைவில்லை. வெயிலில் வந்த களைப்புக்குத் தன் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். மூடி திறக்கிற சத்தம் கேட்டதுதான் தாமதம், அவர் தலையைத் தூக்கினார்.

"கண்ணு. நான் கண்ணு. கண்ணு, கண்ணு" என்றார்.

அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டாள். எத்தனை தெளிவான பேச்சு என்று அவளுக்குச் சந்தோஷம். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் ஒன்றும் இல்லை. அவள் குனிந்து அம்மாவின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினாள். விட்டபிறகும் அது அப்படியே நின்றது.

"கடைசியா எப்ப தண்ணி குடுத்தீங்க?"

"கூப்பிட்டேன். திரும்பல" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

உடம்பு வற்றி, ரத்தம் கெட்டியாகி, மறுபடியும் மூளையில் அடைத்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார் என்கிறீர்கள். இனி அவருக்குப் பேச்சு வராது என்கிறீர்கள். எனக்கும் துக்கமாகத்தான் இருக்கிறது. தெரிந்து செய்தீர்களா என்று நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டியதில்லை. தெரிந்துதான் கொடுக்காமல் இருந்தேன். வெயிலிலும் கொடுக்கவில்லை, 'த... த...' என்றபோதும் கொடுக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் ஒரே ஒரு தடவை, அந்த முதல் நாளில் என் விரலைப் பிடித்த மாதிரி, கண்ணு என்றதற்குத் தானாகப் பிடித்திருந்தால் போதும். டம்ளர் டம்ளராகக் கொடுத்திருப்பேன்.

மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மா, அம்மா என்று ஓயாமல் கூப்பிடுகிறாளாம், அவர் திரும்பவே இல்லையாம். பாவம், சின்னப் பெண், அவளுக்கு இன்னும் பழக்கம் தெரியவில்லை. நான் சொன்னதாக அவளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அம்மா என்றால் திரும்ப மாட்டாள். பெயரைச் சொன்னாலும் திரும்ப மாட்டாள். கண்ணு என்று ஒரு தடவை கூப்பிடட்டும், உடனே திரும்புவாள். அந்த வார்த்தைமேல் என் தங்கத்துக்கு அவ்வளவு பிரியம். கையில் டம்ளர் மட்டும் இருக்க வேண்டும்.