மாத்தறை வெயில்

போர்கள் ஓயும், கொடிகள் மாறும், ஓவியம் மட்டுமே நிற்கும். கிளிநொச்சியில் என் கண்காட்சித் திறப்பு விழாவில் இதைச் சொன்னபோது ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. முன்வரிசையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். படங்களை வரைந்தவன் ஸ்ரீபன். முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவன்; இளவயதில் கொஞ்சக்காலம் தெற்கே, சிங்கள ஊரான மாத்தறையில் இருந்தவன். இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தபிறகு, கிபிர் விமானங்கள் குண்டோடு சுற்றுகிற நாட்களிலும் மாத்தறையைத்தான் வரைந்தான். வெயில், ஓட்டு வீடுகள், கரையில் தூங்கும் நாய். வரைந்த துணி, மா மூட்டையின் சாக்கு. வர்ணம், படகுக்கு அடித்து மிஞ்சியது.

நான் மல்லாவியில் சித்திர ஆசிரியன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். என் மாணவர்களோ பின்னேரங்களில் அவன் கொட்டிலில் கிடந்தார்கள்.

"மாஸ்ரர், நீங்களும் வாங்கோவன். பழகினால் கை வந்திடும்," என்றான் ஒருநாள், பெடியள் முன்னால். நல்ல மனதோடுதான் சொன்னான்.

பிறகு ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஊரில் ஆர் எப்படி என்று விசாரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. "தெற்கிலை ஒரு ஊரை இவ்வளவு வெளிச்சமா வரையிறவன்ரை மனம் எங்கை கிடக்குதெண்டு யோசியுங்கோ," என்றேன். அது கலை விமர்சனம். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை.

அவன் மனைவி றோஸ்மேரி அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தா. தேத்தண்ணி கொடுத்தேன். மல்லாவியை விட்டு ஓடும்போது படங்களைச் சுருட்டி என் கையில் தந்தா. "நீங்கள் படிச்சவர் மாஸ்ரர். கவனமா வைச்சிருப்பியள்."

வைத்திருந்தேன். பதுங்குகுழிக்குள் சோற்றுப்பானைக்கு முதல் அவைதான் இறங்கின. சண்டை முடிந்தபின், அவா செத்துப்போனா என்று ஆரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. பெயரில்லாத படங்கள் அநாதைகள். என் பெயரைக் கொடுத்து ஆதரித்தேன்.

திறப்பு விழாவுக்கு றோஸ்மேரி வந்தா. ஊரும், கடலில் அதன் நிழலுமாக இருந்த பெரிய படத்தின் முன் நெடுநேரம் நின்றா. அதன் ஆழத்தைப் பற்றித்தான் நான் உரையில் அதிகம் பேசியிருந்தேன்.

"ஸ்ரீபனைக் காட்டிக் குடுத்தது ஆரெண்டு இவ்வளவு வருசமும் எல்லாரையும் கேட்டனான்," என்றா. "உங்களை மட்டும்தான் கேக்கேல்லை, மாஸ்ரர்."

பிறகு படத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினா. நிழல் கீழே போனது, ஊர் மேலே வந்தது. என் கையெழுத்து வானத்தில் கால் மேலாகத் தொங்கியது.

அழைப்பிதழில் போட்டிருந்ததும் அதே படம்தான், தலைகீழாக.