குளத்தில் வாத்து மூழ்கியது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வாசித்துச் சரிபார்த்தேன். வயது எழுபத்தொன்று. ஊரில் என்னைக் கண்ணாடி வாத்தியார் என்பார்கள். கண்ணாடி போடுகிறேன் என்பது உண்மை. நான் வாத்தியார் அல்ல. நகரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு என் மனைவி பிறந்த இந்த ஊருக்கு வந்து, அவளுடைய தம்பிக்குச் சொந்தமான வீட்டின் பின்பகுதியில் வாடகையில்லாமல் குடியிருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த விவரமெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

குளத்தில் விஷம் கலந்ததாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் வாத்துக்காரருக்கும் எனக்கும் உறவோ, பகையோ, கொடுக்கல் வாங்கலோ கிடையாது. அவர் அறுவடைக்குப் பின் வாத்துக் கூட்டத்துடன் வந்து குளத்துக்கு மேற்கே கூடாரம் போட்டவர். தினமும் காலையில் நான் குளக்கரையில் நடக்கும்போது "என்ன ஐயா, முழங்கால் எப்படி?" என்று கேட்பார். நான் "இருக்கு" என்பேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு மின்சாரம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கம்பம் நட வந்தபோது, டிரான்ஸ்ஃபார்மரை எந்தத் தெருவில் வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். வெளிச்சம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி தன் வாசலில் நிற்பதை ஒருவரும் விரும்பவில்லை. இடி விழும் என்றார் ஒருவர், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று குளக்கரையைக் காட்டினார்கள். மாடு குளிப்பதும் துணி துவைப்பதும் கோடையில் குடிக்க எடுப்பதும் அந்தக் குளத்தில்தான். அந்தப் பெட்டிக்குள் சூட்டைத் தணிக்க எண்ணெய் நிரப்பியிருப்பார்கள் என்பது அன்று கூட்டத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

என் மனைவியின் தம்பி மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் தொழில் செய்கிறார். மின்சாரம் வந்து ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பிறகு அவருடைய பட்டறையில் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவர் மூட்டுவலிக்கு ஓர் எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தார். எங்கே வாங்குகிறார் என்று நான் கேட்டதற்கு, "சீமைச் சரக்கு மாமா. இரும்பே இதைத் தடவினா சத்தம் போடாம ஓடுது, உங்க முழங்கால் எம்மாத்திரம்?" என்றார். யூகலிப்டஸ் தைலம் கலந்த வாசனை வரும். அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருக்கும். அது என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. தடவினால் சூடு ஏறும். வலி குறைந்தது போலவும் இருக்கும். குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஊரில் முழங்கால் உள்ள எல்லோரும் வாங்கினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. எனக்கும் ஒரு குப்பி வந்தது. அதை எங்கள் அறையின் ஜன்னலை ஒட்டிய பலகையில் வைத்திருந்தோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை, கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதற்காக மாலை வரை மின்சாரம் இருக்காது என்று முன்தினமே அறிவித்திருந்தார்கள். அன்று காலை நான் வழக்கம்போல் நடக்கப் போனபோது, டிரான்ஸ்ஃபார்மர் மேடையருகே என் மைத்துனருடைய மொபெட் நின்றிருந்தது. அவர் மேடைக்கு அடியில் குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "லைன்மேன் கூப்பிட்டாரு மாமா. நட்டு லூசாம். நீங்க நடங்க, வெயில் வந்துடும்" என்றார். நான் நம்பினேன். அல்லது, நம்பாமலிருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டில் எது என்று இந்த மூன்று நாட்களாக யோசித்துப் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. லைன்மேன் அன்று முழுவதும் ஊரின் மறுகோடியில் புளியமரத்தின் மேல் இருந்தார் என்று அதன் பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை மின்சாரம் வந்தது. விளக்கு வைத்துச் சிறிது நேரத்தில் குளக்கரைப் பக்கம் ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டு மறுபடியும் போய்விட்டது. லைன்மேன் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மேல இருந்து ஆள் வரணும்" என்று சொல்லிப் போனார். பெட்டியின் அடியில் எண்ணெய் வடிக்கும் குழாயை அவர் பார்க்கவில்லையா, பார்த்தும் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது. சந்தேகமாகவே குறித்துக்கொள்ளவும்.

புதன்கிழமை காலை நான் போனபோது குளத்தின் கிழக்கு ஓரத்தில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பல ஏற்கெனவே புரண்டு மிதந்தன. தண்ணீரின் மேல் சோப்புக் குமிழியில் தெரியும் நிறங்கள் பரவியிருந்தன. பார்க்க அழகாகக்கூட இருந்தது. வாத்துகள் வழக்கம்போல் இறங்கின. அதன் பிறகு நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு வாத்து நடுவில் போகும்போது மெல்லத் தாழ்ந்தது. முதுகு வரை போயிற்று. அது காலை உதைத்துக்கொண்டு கழுத்தை உயர்த்தியது. பிறகு கழுத்தும் தாழ்ந்தது. கத்தவில்லை. ஓட்டை விழுந்த பாத்திரம் தண்ணீருக்குள் இறங்குவது போல இறங்கிற்று. எழுபத்தொரு வயதில் வாத்து மூழ்கி நான் பார்த்ததில்லை, பார்த்தவரையும் சந்தித்ததில்லை.

கரைக்கு வந்து சேர்ந்த ஒரு வாத்தை நான் தூக்கினேன். அது நடுங்கியது. இறகுகள் ஒட்டிக்கொண்டு உள்ளே தோல் நனைந்திருந்தது. என் கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை ஈரமாகவில்லை, பிசுபிசுப்பாயிற்று. அதற்குள் வாத்துக்காரர் ஓடி வந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எட்டியவற்றை இரண்டு இரண்டாகக் கரையில் எறிந்தார். என்னைப் பார்த்து, "ஐயா, முங்குது ஐயா! பார்த்தீங்கல்ல, முங்குது!" என்று கத்தினார். நான் தலையசைத்தேன்.

அதன் பிறகு கூட்டம் சேர்ந்தது. மீன் குத்தகைக்காரர் வந்ததும் வாத்துக்காரரின் சட்டையைப் பிடித்தார். குஞ்சு மீனை வாத்து தின்கிறது என்று அவர்களுக்குள் முன்பே சண்டை உண்டு. குத்தகையைக் கெடுக்க விஷம் கலந்துவிட்டு, சந்தேகம் வராமலிருக்கத் தன் வாத்திலும் நாலைந்தைக் கொன்றான் என்று அங்கேயே முடிவாயிற்று. வாத்து மூழ்கியது என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

"வாத்துக்கு நீச்சல் மறந்து போச்சாம்யா! நாளைக்கு மீனுக்கு மூச்சு முட்டிச்சும்பான்" என்றார் குத்தகைக்காரர்.

"அடுத்த தடவை டியூப் கட்டி விடுங்கப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

கூட்டத்தில் என் மைத்துனரும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். இது சாட்சியாகுமா என்று தெரியவில்லை. டீக்கடைக்காரரும் சில நாட்களுக்கு முன் என் மைத்துனரிடமிருந்து ஒரு கேனைக் கடைக்குள் எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். அது முழங்காலுக்கா, கடையிலுள்ள பலகாரச் சட்டிக்கா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். நான் புதன்கிழமையிலிருந்து அங்கே பலகாரம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையை அலச எடுத்தபோது அதன் வாசனை எனக்குத் தெரிந்ததாக இருந்தது. முழங்கால் எண்ணெயில் யூகலிப்டசுக்கு அடியில் வந்த அதே வாசனை. என் மூக்கை நானே நம்பாமல் என் மனைவியிடம் இரண்டையும் முகரக் கொடுத்தேன். அவள் முகர்ந்தாள். "மழைக்கு முன்னாடி துணியெல்லாம் இப்படித்தான் வீசும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வானத்தில் மேகமே இல்லை. நான் கைக்குட்டையை அலசாமல் ஒரு காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அதன் பிறகு குளக்கரைக்குத் திரும்பிப் போய், ஆட்கள் கலைந்த நேரம் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்கு அடியில் குனிந்தேன். எண்ணெய் வடிக்கும் குழாயின் திருகு பாதியில் நின்றிருந்தது. அங்கிருந்து மண் கறுத்து, தண்ணீர் வரை ஒரு தடம் போயிற்று. கேன் நிரம்பியதும் அவசரத்தில் சரியாக மூடவில்லை, மீதி எண்ணெய் குளத்தில் இறங்கிற்று, எண்ணெய் குறைந்த பெட்டி சூடேறி வெடித்தது என்பது என் ஊகம். நான் குனிந்திருந்தபோது யார் வந்து பார்த்தாலும் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியதால் சீக்கிரம் வந்துவிட்டேன். திருகை மூடவில்லை. கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்று பயம். இன்று காலை வரும்போதும் அது சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. முதலில் அதை மூடச் சொல்லுங்கள்.

அன்று மதியம் ஜன்னல் பலகையில் இருந்த குப்பியைக் காணவில்லை. எங்கே என்று என் மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

நேற்று மாலை என் மைத்துனர் எங்கள் பகுதிக்கு வந்து படியில் உட்கார்ந்தார்.

"மாமா, ஸ்டேஷனுக்குப் போறீங்களாமே?"

"வாத்து முங்கினதை மட்டும் சொல்லலாம்னு இருக்கேன்."

"வாத்து எதுக்கு மாமா முங்கும்? உங்களுக்கு ஒரு கண்ணுதான் ஆபரேஷன் ஆயிருக்கு. இன்னொண்ணுக்கு நான்தானே கூட்டிட்டுப் போகணும்?"

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இந்த ஓடெல்லாம் மழைக்கு முன்னாடி மாத்தணும். யார் இருக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா மாத்திடலாம்" என்றார்.

உள்ளேயிருந்து என் மனைவி, "டேய், டீ ஆறுது. குடிச்சிட்டு மிரட்டு" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாளா என்பது எனக்கு இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். சிறு வயதிலிருந்தே அவர் அப்படித்தான், நல்ல பழக்கமுள்ளவர் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அவரை எடுத்து வளர்த்தவள் அவள்தான்.

அவர் போன பிறகு நான், நாளைக்குப் போகட்டுமா, வேண்டாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள், வாத்துக்காரரின் மனைவி மிச்சமுள்ள வாத்துகளை ஒவ்வொன்றாக வெந்நீரும் அரப்புத் தூளும் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக்கொண்டிருப்பதைத் தான் பார்த்ததாகவும், தேய்த்தாலும் அவை மிதக்கவில்லை என்றும் சொன்னாள். அதன் பிறகு படுத்துவிட்டாள்.

இன்று காலை நான் கிளம்பும்போது, "அங்க ரொம்ப நேரம் உட்கார வைப்பாங்க, கால் மரத்துப் போகும்" என்று சொல்லி என் வலது முழங்காலில் துணி சுற்றிக் கட்டிவிட்டாள். வழக்கமாக நான்தான் கட்டிக்கொள்வேன். துணி ஈரமாக இருந்தது, ஒத்தடத்துக்கு நனைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவளும் கூட வந்து இப்போது வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இங்கே அதிகாரி என் பார்வையைச் சோதிக்க எதிர்ச் சுவரில் உள்ள நாட்காட்டியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வெள்ளிக்கிழமைக்கு அடுத்த கட்டத்தில் தேதி இரண்டு முறை அச்சாகியிருப்பதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கைக்குட்டையை ஒப்படைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூட்டு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். குப்பி காணாமல் போய்விட்டது, என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது பெரியவரே என்றார். அது நியாயமான கேள்வி.

அப்போது உட்கார்ந்தபடி முழங்காலைத் தடவினேன். வேட்டியில் கறை ஊறியிருந்தது. துணியை அவிழ்த்தேன். அது பழைய எண்ணெயில் காய்ந்த துணி அல்ல. புதுத்துணி, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு அந்த எண்ணெயில் நனைந்திருந்தது. புதன்கிழமையிலிருந்து குப்பி இல்லாத வீட்டில் அவ்வளவு எண்ணெய் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது என்பதே பதில். துணியில் விழுந்திருக்கும் முடிச்சு நான் போட்டதல்ல என்பது மட்டும் தெரியும். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். என் மனைவி இந்தப் பக்கம் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியையும் கைக்குட்டையையும் தனித்தனி உறையில் போட்டு முத்திரையிட்டதை என் கண்ணால் கண்டேன். என் மனைவியை இதில் சாட்சியாகச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லாததை நான் அவள் பெயரில் சொல்ல முடியாது.

மேலே எழுதியிருப்பது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கண்டதைக் கண்டதென்றும் ஊகத்தை ஊகமென்றும் எழுதியிருக்கிறார்கள். தவறு ஏதுமில்லை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னேன், அதில் எனக்கு உறுதியில்லை. மற்றவை உண்மையென ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)