குள்ளர் வீட்டுப் பங்கு

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை. மாலை ஆறரை இருக்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்குகிற பஸ் போய்விட்டது. சாமைக் களத்திலிருந்து கல்மேட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை... அதில் ஒரே ஒரு ஆள், கையில் கோணிப்பை. என் சிநேகிதன் அர்ச்சுனனின் சின்ன மாமனார் கோபால்சாமி. வேண்டுமானால் அர்ச்சுனனையே கேளுங்கள். இல்லை என்று சொல்லமாட்டான். அழவும் மாட்டான்.

அந்த மனுஷனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. போளூரில் உட்கார்ந்துகொண்டு மலைநிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தார். உழுவது, விதைப்பது, பன்றி விரட்டுவது எல்லாம் வாரக்காரன் சடையன். களத்தில் ஆளுக்குப் பாதி. அதிலும் இவர் பங்குக்கு மரக்கால் கும்பாரமாக நிற்கவேண்டும், சடையனுக்குத் தலை தட்டி அளக்கவேண்டும். அப்படிப்பட்ட பிறவி.

அந்த நிலத்தின் நடுவே அந்தக் கல்மேடு. எந்தக் காலத்துச் சவக்குழியோ. மேலே பலகைக் கற்களால் ஒரு குட்டி வீடு. முன்கல்லில் பூசணிக்காய் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. குள்ளர் வீடு என்பார்கள். பங்கு பிரிக்கும் முன் முதல் மரக்கால் அந்தப் பொந்துக்குள் போகும். நிலம் முதலில் அவர்களுடையது, மற்றவர்கள் எல்லாரும் அவர்களுக்கு வாரக்காரர்கள், அவ்வளவுதான்.

இதுதான் கோபால்சாமிக்குப் பொறுக்கவில்லை. முதல் மரக்கால் அங்கே போகிறவரை நிலம் தன்னுடையது என்று மலையில் ஒருத்தனும் நினைக்கமாட்டான் என்று வயிறெரிந்தார்.

"செத்தவனுக்கு இன்னாடா பங்கு?" என்று களத்திலேயே கத்தினார்.

"கை வெக்காதீங்க சாமி," என்றான் சடையன். "அத்த எடுக்கறவருதான் அந்த வூட்டுக்காரரு."

"சரிடா. இன்னிலேர்ந்து நாந்தான் வூட்டுக்காரன், போ!"

சொல்லிவிட்டுத்தான் பையோடு கிளம்பினார்.

மேட்டில் காற்றே இல்லை. பொந்துக்குள் கையை விட்டார். சாமை சில்லென்று இருந்தது. ஒரு கை அள்ளினார்... இன்னொரு கை... பழைய பானைக்குள் மழைத்தண்ணீர் நின்ற வாடை. பை நிரம்பிவிட்டது. போட்டதே ஒரு மரக்கால்தானே, பை எப்படி நிரம்பும்? யோசித்தாரா? கிடையாது. மண்டியிட்டு, தோள்வரை விட்டுத் துழாவினார்.

உள்ளே... சரசரவென்று யாரோ தானியம் கொட்டும் சத்தம்.

அப்புறம் அவர் உள்ளங்கையில் சாமையை வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக. சின்னச் சின்ன விரல்கள்... ஐஸ் மாதிரி. உங்களுக்கும் எனக்கும் உயிர் போயிருக்கும். கையை உருவிக்கொண்டு போளூர்வரை ஓடியிருப்போம். அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? கையை இன்னும் அகலமாக விரித்துக் காட்டினார்!

விரல்கள் மணிக்கட்டைப் பிடித்தன.

நெடுநேரம் ஆகியும் ஆளைக் காணோமே என்று சடையன் அரிக்கேன் விளக்கோடு வந்தான். பை நிரம்பி நின்றது. பொந்தின் விளிம்பில் வேட்டி மாட்டிக்கிடந்தது. ஆள் இல்லை. பெருத்த தொந்திக்காரர், அந்தப் பொந்தில் அவர் தலை நுழைந்தாலே அதிசயம். போலீஸ் வந்து மூடிக்கல்லைப் புரட்டிப் பார்த்தது. உள்ளே வெறும் மண்.

அடுத்த அறுப்புக்கும் சடையன் முதல் மரக்காலைப் பொந்துக்குள் கொட்டினான். வழக்கமாக அணில் தின்றதுபோகப் பாதி கிடக்கும். மறுநாள் காலையில் ஒரு மணிகூட இல்லை. பொந்துக்கு வெளியே உமி மட்டும் குவியலாகக் கிடந்தது... மென்று துப்பிய உமி. குனிந்து தொட்டுப் பார்த்தான். எச்சில் இன்னும் காயவில்லை.